கார் வீட்டுக்குள்ளா, வெளியிலா? – திருவள்ளூர் மின்சார காரும் ஒரு கம்பியில்லாக் கதையும்

திருவள்ளூரில் தயாராகி வந்த ஒரு மின்சார காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், பாக்கெட்டில் இருக்கிற போனை வெளியே எடுக்காமலே அதன் மேப் காரின் திரையில் வந்து நிற்கும். ஒயர் கிடையாது. சொருகுற வேலை கிடையாது. கொஞ்ச நேரம் யோசிக்கும், அப்புறம் வந்துவிடும். கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்குவார்கள், "வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே உண்டு" என்று. அதோடு சரி, அடுத்து டிக்கி எத்தனை லிட்டர் என்று போய்விடுவார்கள்.

எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் துருவிக்கொண்டு போனால் சிப், ஆன்டெனா எல்லாம் கொஞ்ச தூரம்தான் வருகிறது. அதற்குப் பின்னால் நிற்பது அரசாங்க கெஜட். காருக்குள் போன் ஒழுங்காகப் பேச ஆரம்பித்த கதையில் பாதி, "காற்றில் எந்த அலையை யார் கேட்காமல் பயன்படுத்தலாம்" என்ற அனுமதியின் கதை. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படிக்கவும் :-)

முதலில் காரும் ஊரும். திருவள்ளூரை ஒட்டிய அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தது. ஆமாம், அம்பாஸடர் கம்பெனிதான். ஆனால் அம்பாஸடர் வங்காளத்தில் உத்தரபாராவில் செய்தது. திருவள்ளூரில் செய்தது மிட்சுபிஷி லான்சர். 1998-ல் லான்சர் வந்தபோது அது ஒரு பெரிய விஷயம். ரோட்டில் ஒன்று போனால் திரும்பிப் பார்ப்போம். அப்புறம் பஜேரோ. அப்புறம் ஆர்டர் குறைந்து, 2010களில் இசுசுவுக்கு வண்டி பூட்டித் தருகிற இடமாக ஆனது. இசுசு 2016-ல் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலையைத் திறந்துகொண்டு போய்விட்டது. ஊருக்குத் திரும்பவும் கை ஒடிந்த மாதிரி. 2017-ல் பிரான்சின் பெஜோ குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தது. அதே வருஷம் அம்பாஸடர் என்ற பெயரையே 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார்கள். பெஜோ பிறகு 2021-ல் ஸ்டெல்லாண்டிஸ் ஆனது, அதன் சிட்ரோயன் சின்னம் போட்ட கார்கள் அதே வருஷம் திருவள்ளூரிலிருந்து வர ஆரம்பித்தன. 2022-ல் பெட்ரோல் சி3. 2023 பிப்ரவரியில் அதன் மின்சாரத் தம்பி இ-சி3: 29.2 கிலோவாட் மணி பேட்டரி, சோதனைக்கூடக் கணக்கில் 320 கிலோமீட்டர், நடுவில் பத்து இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலான திரை. நான் சொன்ன அந்த ஒரு வரி இந்தத் திரையைப் பற்றியதுதான்.

இந்த மாவட்டத்துக்குக் கார் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி லைனில் வருகிற எண்ணூரில் 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார். லாரி, பஸ் எல்லாம் பிறகு. அந்த ஆஸ்டின் காலத்தில் காரில் ஒரு ரேடியோ மாட்ட வேண்டுமானால் என்ன செய்யணும் தெரியுமா? லைசென்ஸ் வாங்கணும். கார் ஓட்டுகிற லைசென்ஸ் இல்லைங்க, ரேடியோ கேட்கிற லைசென்ஸ்.

1933-ல் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் கம்பியில்லாக் கருவி எதையும் வைத்திருக்கவே கூடாது. அனுப்புகிற கருவி மட்டும் இல்லை, வாங்குகிற கருவியும்தான். இன்றைக்கு நாற்பது வயசு தாண்டிய பலருக்கு வீட்டுப் பரணில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் பார்த்த ஞாபகம் இருக்கும். போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி ஸ்டாம்பு ஒட்டி வாங்கின ரேடியோ லைசென்ஸ். தாத்தா அதைப் பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். அந்தக் கட்டணம் ஒழிந்தது 1980களின் நடுவில்தான். சட்டம் அதற்கப்புறமும் உயிரோடுதான் இருந்தது. அதை மாற்றி எழுதியது 2023 தொலைத்தொடர்புச் சட்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் வருவதற்கு முன்னாலேயே சென்னை காற்றில் பேசிவிட்டது. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரும் நண்பர்களும் 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பித்து, ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். மூன்று வருஷத்தில் காசு தீர்ந்து கடையை மூடினார்கள். டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுக்க, 1930-லிருந்து ரிப்பன் மாளிகை ஒலிபரப்பு நடத்தியது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலி வரும்வரை அது ஓடியது. (இன்னொரு ஜூலை 31-ம் நம் கதையில் உண்டு. 1995-ல் அதே தேதியில்தான் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த சுக்ராமுக்கு நாட்டின் முதல் செல்போன் அழைப்பைச் செய்தார். ஜோசியம் பார்க்கிறவர்கள் கவனிக்கவும்.)

சரி, காருக்கு வருவோம். காரில் ரேடியோ வைத்த முதல் தலைமுறைக்குப் பெரிய எதிரி காரே. அமெரிக்காவில் பால் கால்வின் 1930-ல் கார் ரேடியோ செய்து, மோட்டாரையும் பாட்டையும் ஒட்டி "மோட்டோரோலா" என்று பெயர் வைத்தார். கம்பெனிக்கே அப்புறம் அதுதான் பெயரானது. எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி தட்டும்போதும் அது ஒரு குட்டி ரேடியோ நிலையம். ஸ்பீக்கரில் டப் டப் என்று விழும். பிளக்குக்கு சப்ரஸர், டைனமோவுக்கு கண்டென்சர், பாடிக்கு எர்த் என்று ஒவ்வொன்றாகக் கட்டித்தான் பாட்டைக் கேட்க வைத்தார்கள்.

தொண்ணூறு வருஷம் கழித்து மின்சார கார் வந்ததும் அதே தலைவலி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. பேட்டரியில் இருப்பது நேர் மின்சாரம், மோட்டார் கேட்பது மாறு மின்சாரம். நடுவில் இன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி நூற்றுக்கணக்கான ஆம்பியரை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டின் மடங்குகள் எல்லாம் காற்றில் ஏறும். உதாரணத்துக்கு வெட்டு 10 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் 72-வது மடங்கு எங்கே விழுகிறது? 720 கிலோஹெர்ட்ஸில். நாம் தலைமுறையாகத் திருப்பி வைத்த சென்னை வானொலியின் மீடியம் வேவ் இடம் அது. இதே மாவட்டத்து ஆவடியிலிருந்து வந்த அலை! காரை ஓரங்கட்டி நிறுத்தினால் செய்தி கேட்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொய்ங் என்று ஒரு குரல் மேலே ஏறும்.

மின்சார கார்க் கம்பெனிகளில் சில இதற்குக் கண்டுபிடித்த வழி, ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிடுவது. பி.எம்.டபிள்யூ ஐ3-ல் எடுத்தார்கள், டெஸ்லா எடுத்தது. ஃபோர்டு எடுக்கப்போகிறோம் என்று சொல்லி, சத்தம் கிளம்பியதும் 2023 மே மாதம் பின்வாங்கியது. புயல் வெள்ளத்தில் டவர் எல்லாம் சாய்ந்தால் கடைசியில் கேட்பது அந்த ரேடியோதான் என்பது அங்கே எதிர்த்தவர்களின் வாதம். 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். இன்வெர்ட்டரை நல்ல உலோகக் கவசத்தில் மூடி, கேபிளுக்கும் உறை போட்டு, ஃபில்டர் வைத்தால் இரைச்சல் அடங்கும். காசு செலவாகும், எடை கூடும். அதுதான் விஷயம், முடியாதது ஒன்றும் இல்லை.

"அப்போ போன் தொடர்பையும் இன்வெர்ட்டர் கெடுக்குமா?" என்று கேட்பீர்கள். பெரிதாக இல்லை. மேலே போகப் போக அந்த மடங்குகள் தேய்ந்துவிடும். புளூடூத், வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று மீடியம் வேவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே தொல்லை வேறு மாதிரி. இரண்டு தொல்லை. ஒன்று, கார் என்பது தகரப் பெட்டி. வெளியிலிருந்து டவர் சிக்னல் உள்ளே வரத் திணறும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசின கண்ணாடி என்றால் ஜன்னலும் சுவர்தான். அப்படிப்பட்ட கார்களில் ஃபாஸ்டேக் ஒட்டுவதற்கென்றே கண்ணாடியில் பூச்சில்லாத ஓர் இடத்தை விட்டிருப்பார்கள். மேல்கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி ஆன்டெனா வைப்பதும் இதனால்தான். இரண்டாவது தொல்லை, கூட்டம். அதற்குத்தான் கெஜட் வேண்டியிருக்கிறது.

நடுவில் நம்ம ஊர்க்காரர்கள் செய்த கைவேலையைச் சொல்லாமல் போனால் பாவம். செல்போன் வந்து, அதில் பாட்டு வந்து, கார் மட்டும் கேசட்டிலேயே நின்றுகொண்டிருந்த காலம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சீனப் பொருள் கிடைத்தது. சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் அது ஒரு குட்டி எஃப்.எம். நிலையம் ஆகிவிடும். போனில் ஓடுகிற பாட்டை அது ஒலிபரப்ப, கார் ரேடியோ அதைப் பிடிக்கும். 2003-க்கு அப்புறம் சென்னையில் சூரியன், மிர்ச்சி என்று தனியார் எஃப்.எம். வரவர காலி இடம் குறைந்தது. மவுண்ட் ரோட்டில் ராஜாவும் ரகுமானும் ஒன்றாகப் பாடுவார்கள் :-) ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் ஸ்டீரியோ மாட்டுகிற பையன்கள் டேஷ்போர்டைக் கழற்றி ஆக்ஸ் ஒயர் இழுத்துக் கொடுப்பார்கள். ஒரு வருஷத்தில் அந்த ஒயர் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் பாடும். திரும்பப் போய் நிற்போம். இப்போது கம்பெனியே ஒயர் இல்லாமல் தருகிறதை நான் ஆச்சரியமாகப் பார்ப்பதற்குக் காரணம் அந்த ஒற்றைக் காதுப் பாட்டுகள்தான்.

ஒயரை ஒழிப்பதற்கான முதல் முயற்சி 1994-ல் ஸ்வீடனில் எரிக்சன் கம்பெனியில் தொடங்கியது. 1998-ல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஐந்தும் கைகோத்து, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜாவின் பெயரை அதற்கு வைத்தார்கள்: புளூடூத். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 79 இடங்களுக்கு நடுவில் விநாடிக்கு 1600 தடவை தாவித் தாவிப் பேசும். ஒரு இடத்தில் இரைச்சல் இருந்தால் அடுத்த தாவலில் தப்பிவிடலாம். இந்தத் தாவல் யோசனைக்கு ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் 1942-ல் பேட்டன்ட் வாங்கினார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அவர் வாங்கினது நிஜம். ஆனால் அங்கிருந்து நேராக உங்கள் ஹெட்செட்டுக்குக் கோடு போடுவது கொஞ்சம் ஓவர்.

புளூடூத் எந்த இடத்தைப் பிடித்தது பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்கிற அதே 2.4. உலகம் பூராவும் "குப்பைமேடு" என்று விட்டுவைத்த பட்டை. நம்ம நாட்டில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று கெஜட்டில் விதி வந்தது 2005 ஜனவரி. 1933 சட்டத்தில் ஓட்டை போட்ட விதிகளில் இது முக்கியமானது. ஃபாஸ்டேக் இன்றைக்குப் பேசுகிற 865–867 மெகாஹெர்ட்ஸ் துண்டுக்கும் அதே 2005-ல் விடுதலை. கார்ச் சாவி ரிமோட்டின் 433 மெகாஹெர்ட்ஸ் 2012-ல், முன்னால் போகிற வண்டியைப் பார்க்கிற 76 கிகாஹெர்ட்ஸ் ரேடார் 2015-ல். இதையெல்லாம் வரிசையாகப் பார்த்தால், ஒரு காரின் ஒவ்வொரு வசதிக்கும் பின்னால் ஒரு கெஜட் நம்பர் இருக்கிறது.

இனி 5 கிகாஹெர்ட்ஸ். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

2.4-க்கு விதி வந்த அதே 2005 ஜனவரியில் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ஒரு விதி வந்தது. 5150–5350, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு துண்டுகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் "உள்ளரங்கத்தில்" மட்டும். உள்ளரங்கம் என்றால் என்ன? அதற்கும் விளக்கம் இருந்தது. ஒரே உரிமையாளருடைய, தொடர்ச்சியான ஒரே வளாகம் என்றால் அதுவும் உள்ளரங்கம்தான். இப்போது அதிகத்தூர் தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அன்றைய விதி இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸில் பேசுகிற கார் ஒன்று அங்கே தயாராகி, காம்பவுண்டுக்குள் டெஸ்ட் டிராக்கில் சுற்றுகிறது. அது உள்ளரங்கம், தப்பில்லை. கேட்டைத் தாண்டித் திருப்பதி ரோட்டில் ஏறியதும்? நான்கு கதவையும் மூடி, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுக்கொண்டு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் விதிப்படி நாம் வெளியில்! காருக்கு உள்ளே இருக்கிறவன் வீட்டுக்குள் இருக்கிறானா தெருவில் இருக்கிறானா என்று அந்த விதியை எழுதினவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. 2005-ல் யார் கார் வைஃபையைக் கண்டது? 2007-ல் 5825–5875 என்று ஒரு சின்னத் துண்டை வெளியிலும் அனுமதித்தார்கள். போன்களின் சாதாரண வைஃபை சேனல்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேயே முடிந்துவிடும். ஆகவே போனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

இது ஏன் முக்கியம்? ஒயரில்லா ஆண்ட்ராய்டு ஆட்டோ வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். காரும் போனும் முதலில் புளூடூத்தில் கைகுலுக்குகின்றன. "நான் இன்னார், என் வைஃபை பெயர் இது, பாஸ்வேர்டு இது" என்று கார் சொல்கிறது. உடனே போன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தாவுகிறது. அதன் வழியாகத்தான் திரையில் தெரிகிற முழுப் படமும் வீடியோவாக ஓடுகிறது. புளூடூத்தின் சின்னக் குழாயில் அது போகாது. 2.4 வைஃபையில் போனால், அதே பட்டையில் தாவிக்கொண்டிருக்கிற புளூடூத்தோடு இடித்துக்கொள்ளும். ஆக 5 கிகாஹெர்ட்ஸ் தெருவில் செல்லாது என்றால் இந்த வசதியும் தெருவில் செல்லாது.

2018 அக்டோபரில் புது விதி. பழைய துண்டுகளோடு 5470–5725-ம் சேர்ந்து மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், உள்ளே வெளியே இரண்டிலும் உரிமம் வேண்டாம். அதற்குள் ஆப்பிள் கார்ப்ளே 2014-ல் வந்து, 2015-லேயே ஒயரில்லாமல் பேசத் தெரிந்துகொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-ல் வந்தது, 2018-ல் ஒரு சில கூகுள் போன்களில் மட்டும் ஒயரை அவிழ்த்தது, 2020-ல் ஆண்ட்ராய்டு 11-ஓடு பரவலானது. இந்த விதியால்தான் நம்ம ஊர்க் கார்களுக்கு இந்த வசதி வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சிப் விலை இறங்கியது, டேட்டா மலிவானது, கார் வாங்குகிற பையன்கள் எஞ்சினைவிடத் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லாம் சேர்ந்த கதை. ஆனால் இந்தியாவில் விற்கிற வைஃபை கருவி ஒவ்வொன்றும் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாப் பிரிவில் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். கேட்டுக்கு உள்ளே செல்லும், வெளியே செல்லாது என்கிற கருவியை எந்தக் கார்க் கம்பெனி தைரியமாக லட்சக்கணக்கில் மாட்டும்?

அனுமதி என்கிற இதே சமாசாரம் கும்மிடிப்பூண்டிக்காரர்களை இன்னொரு விதத்தில் படுத்தியது. சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலைகள், ரசாயன ஆலைகள்; கொஞ்சம் வடக்கே போனால் ஆரம்பாக்கம்; தாண்டினால் தடா, அது ஆந்திரா. செல்போன் உரிமத்தை 1990களில் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சென்னைக்குத் தனி (ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. ஞாபகம் இருக்கா?), தமிழ்நாட்டுக்குத் தனி, ஆந்திராவுக்குத் தனி. 2005-ல்தான் சென்னையும் தமிழ்நாடும் ஒரு வட்டமாயின. ஆந்திர எல்லை அப்படியே இருந்தது. அலைக்கு எல்லைக்கோடு தெரியாதே! வண்டி இன்னும் தமிழ்நாட்டில்தான் இருக்கும், போன் மட்டும் தடா டவரைப் பிடித்துக்கொண்டு "வெல்கம் டு ஆந்திரா" என்று எஸ்.எம்.எஸ். காட்டும். வந்த காலுக்கும் காசு. நான் ஒருமுறை ஆரம்பாக்கம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டபத்து வாசலில் நின்று பேசினதற்கெல்லாம் ரோமிங் கட்டினேன். கஸ்டமர் கேரில் பேசின அம்மணி, "சார், நீங்க ஆந்திராவுல இருந்திருக்கீங்க" என்று சாதித்தார். மாப்பிள்ளை வீட்டாரே தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள், என்னத்த சொல்ல. உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கம்பெனிகள் கைவிட்டது 2017 வாக்கில். காருக்குள்ளேயே சிம் வைத்து வருகிற இந்தக் காலத்து வண்டிகள் அதற்கு முன்னால் வந்திருந்தால், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்வருகிறவர் காருக்கும் சேர்த்து ரோமிங் கட்டியிருப்பார்.

கம்பியில்லாப் போனையும் மின்சார வண்டியையும் சேர்த்துப் பேசும்போது சென்னையில் ஒருவரை விட முடியாது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. 1990களில் அவரும் அவருடைய டெநெட் குழுவும், மிடாஸ் என்ற சென்னைக் கம்பெனியோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற தொழில்நுட்பத்தைச் செய்தார்கள். பள்ளம் தோண்டி ஒயர் இழுக்காமல் கிராமத்து வீட்டுக்குப் போனும் இன்டர்நெட்டும் கொடுக்கிற முறை. செல்போன் அலை அதை மூழ்கடித்துவிட்டது என்பது வேறு கதை. அதே ஆள் 2017-ல் டெல்லியில் மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசின் முதன்மை ஆலோசகராகப் போய் உட்கார்ந்தார். ஒயரில்லாப் போனில் தொடங்கி பெட்ரோல் இல்லா வண்டிக்கு வந்த அவர் பாதையைத்தான் இந்தப் பகுதியும் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். திருவள்ளூருக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் 2014 வரை போன் செய்தது, மூடியது. பிறகு பார்த்தால் திருவள்ளூரில் அந்தப் போன் போய் ஒட்டிக்கொள்கிற கார்.

நடைமுறையில் தொடர்பு அறுந்து அறுந்து வருகிறது என்பவர்களுக்கு நான் கண்ட வரையில் சொல்கிறேன். போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்; மலிவு போன்கள் சிலவற்றில் இருக்காது, அப்போது காரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பேட்டரி சேவர் போட்டிருந்தால் போன் தானாக வைஃபையைத் தூங்கவைக்கும். ரொம்ப அடம் பிடித்தால் இரண்டு பக்கமும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஜோடி சேர்க்கவும். சித்திரை வெயிலில் போனை ஒயரில்லா சார்ஜர் பலகையில் வைத்து மேப்பும் ஓட்டினால் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஒயரே மேல், ஒயரைப் போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எப்படியோ, கையில் போனைப் பிடித்து ஓட்டுவதை 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் சேர்த்துவிட்டது. கும்மிடிப்பூண்டி ஹைவேயில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒரு கையில் போனோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது, கார் திரையில் மேப் வருவது வெறும் ஆடம்பரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"டோல்கேட்ல மட்டும் கட் ஆகுது, ஃபாஸ்டேக்தான் காரணம்" என்று ஒரு பேச்சு உண்டு. வெளிநாட்டில் சில இடங்களில் டோல் கருவியே 5.8 கிகாஹெர்ட்ஸில் பேசும், வைஃபைக்குப் பக்கத்து வீடு, அங்கே அப்படிச் சந்தேகப்படலாம். நம்ம ஃபாஸ்டேக் பேசுவது 865–867 மெகாஹெர்ட்ஸில், ரொம்ப தூரத்துத் தெரு. நல்லூர் டோலிலோ பட்டரைப்பெரும்புதூர் டோலிலோ துண்டானால் நான் சந்தேகப்படுவது வரிசையில் நிற்கிற மற்ற கார்களை. ஒவ்வொரு காரும் தன் போனுக்காக ஒரு சொந்த வைஃபையைத் திறந்துவைத்திருக்கிறது. முப்பது கார் அடுத்தடுத்து நின்றால் முப்பது வைஃபை. 605 மெகாஹெர்ட்ஸ் என்பது கேட்க நிறையத்தான். ஆனால் கார்கள் எல்லாம் அதில் இரண்டு மூன்று சேனல்களிலேயே கூடி நின்றால் சந்தைக்கடைதான்.

அடுத்த இடம் 6 கிகாஹெர்ட்ஸ். தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் 5925–6425 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் திறப்பதற்கு ஒரு வரைவு விதி வெளியிட்டது. குறைந்த சக்தியில் உள்ளரங்கத்துக்கு ஒரு வகை, மிக மிகக் குறைந்த சக்தியில் வெளியிலும் பயன்படுத்த இன்னொரு வகை. வரைவைப் படித்துக்கொண்டே வந்தேன். உள்ளரங்க வகைக்கு விலக்குகள் என்று ஒரு பத்தி. எண்ணெய்த் துரப்பண மேடையில் கூடாது. அப்புறம் தரையில் ஓடும் வண்டிகளிலும் கூடாது, கார், ரயில் என்று பெயர் சொல்லி. படகிலும் கூடாது. விமானத்தில் பத்தாயிரம் அடிக்கு மேலே பறந்தால் மட்டும் பரவாயில்லையாம். 2005-ல் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியை இருபது வருஷம் கழித்துக் கேட்டே விட்டார்கள். பதிலும் எழுதிவிட்டார்கள்: கார் வெளியில்தான்.